கார் விடப் போன தெரு

ஹாரிஸ் பார்க்கில் வெள்ளிக்கிழமை இரவு கார் விட இடம் கிடைக்காது. விக்றம் வீதி முழுக்கச் சாப்பாட்டுக் கடை. தோசைக்கும் பிரியாணிக்கும் சிட்னியின் நாலு மூலையிலிருந்தும் சனம் வந்து நிற்கும். பழகின ஆட்களான நாங்கள் அங்கே சுற்றிக்கொண்டு நிற்பதில்லை, நேரே ரூஸ் வீதிக்குப் போய்விடுவோம். அங்கே மரங்களும் புல்தரையுமாக ஒரு திறந்த வெளி உண்டு. அதன் ஓரத்தில் தாழ்ந்த கூரையும் நீளமான விறாந்தையுமாக ஒரு பழைய செங்கல் வீடு. அந்தப் பக்கம் காரை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட நடப்போம். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான்.

அந்த வீடு என்னவென்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்களில் என்று நான் சொல்வது மேற்குச் சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில், வெஸ்ட்மீட் என்று வந்து குடியேறிய ஈழத் தமிழர்களை. எல்லோருக்குமாக எழுத எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. விலக்காக இருந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த வட்டத்தில், என் வீட்டையும் சேர்த்து, விலக்கு ஒன்றையும் நான் காணவில்லை.

அந்த வீட்டின் பெயர் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் கொட்டேஜ், சோதனைப் பண்ணை வீடு. என்ன சோதனை என்பதை என் மகளின் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்துதான் நான் அறிந்தேன். 1788 இல் கைதிகளோடு வந்து இறங்கிய முதற் கப்பல் அணியில் ஜேம்ஸ் ரூஸ் என்றொருவர் இருந்தார். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதிக்காரர், களவுக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவர். குடியேற்றம் பசியில் கிடந்த காலம் அது. கொண்டுவந்த மா தீர்ந்துகொண்டிருந்தது, விதைத்தது ஒழுங்காக விளையவில்லை. 1789 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் பிலிப் இந்த இடத்தில் ஒன்றரை ஏக்கர் வெளியாக்கிய நிலத்தை ரூஸிடம் விட்டார். ஒரு குடிசை, விதை, கருவிகள், கொஞ்சம் கோழியும் பன்றியும் கொடுத்தார். ஒரு மனிதன் இந்த மண்ணில் தன் கையால் பயிர்செய்து எவ்வளவு காலத்தில் சொந்தக் காலில் நிற்பான் என்று பார்ப்பதுதான் சோதனை.

ரூஸ் செய்த விவசாயத்தை வாட்கின் டென்ச் என்ற மரைன் படை அதிகாரி கேட்டு எழுதி வைத்திருக்கிறார். விழுந்த மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினார். புல்லையும் களையையும் புரட்டி உள்ளே தள்ளி, வெயிலும் காற்றும் பட விட்டு, பிறகுதான் விதைத்தார். வைக்கோலைக் குழியில் போட்டு மக்க வைக்கப் போவதாகவும் சொன்னார். இதைப் படித்தபோது எனக்குக் கைதடியில் என் அம்மப்பாவின் தோட்டம் நினைவுக்கு வந்தது. பனையோலையையும் பூவரசங் குழையையும் வெட்டித் தோட்டத்துக்குள் தாட்டு, மழைக்குக் காத்திருப்பார். உலகத்தின் இரண்டு மூலையில் ஒரே வேலை.

1791 பெப்ரவரியில், தன்னையும் மனைவி எலிசபெத்தையும் இனித் தானே பார்த்துக்கொள்வேன் என்று ரூஸ் சொல்லிவிட்டார். அதற்குப் பலனாக 30 ஏக்கர் அவர் பெயருக்கு எழுதப்பட்டது. அந்தக் குடியேற்றத்தின் முதல் காணி உறுதி அதுதான்.

காணி உறுதி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் சனம் வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டார் எடுத்த முதற் பொருள் உறுதிகள் இருந்த தகரப் பெட்டிதான். மழையில் நனையாமல் அதை அம்மா தன் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அந்த உறுதிகளின் பிரதி இன்றும் வென்ட்வொர்த்வில்லில் என் அலுமாரிக்குள் இருக்கிறது. உறுதியைப் பெட்டியில் சுமந்து திரிந்த சனம் நாங்கள். இந்த நாட்டின் முதல் உறுதி எழுதப்பட்ட மண் எங்கள் காரின் சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ரூஸ் அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. 1793 இல் ஜோன் ஹாரிஸ் என்ற படை மருத்துவருக்கு 40 பவுணுக்கு விற்றுவிட்டு ஹோக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போனார். ஹாரிஸின் பெயர்தான் ஹாரிஸ் பார்க்கின் பெயர். 1800களின் தொடக்கத்தில் அவர் புள்ளிமான்களை வரவழைத்துத் தன் நிலத்தில் விட்டார். அவுஸ்திரேலியாவுக்கு முதலில் வந்த மான் இனம் அது. 1813 அளவில் அவரிடம் சுமார் 400 மான்கள் நின்றதாகச் சொல்வார்கள். வில்பத்துக் காட்டில் நிற்கும் அதே புள்ளிமான் இனம். எங்களுக்கு ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன்பே எங்கள் காட்டு இனத்தில் ஒரு கூட்டம் இந்த ஊருக்கு வந்திருக்கிறது.

இப்போது நிற்கும் வீட்டை ஹாரிஸ் கட்டியது 1835 அளவில். முன்பு இதை 1790களில் கட்டிய வீடு என்று நம்பியிருந்தார்கள். 1961 இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பு இதை வாங்கியபோதும் அந்த நம்பிக்கை இருந்தது. பிற்காலத்து ஆய்வுகள் வயதைக் குறைத்தன. வயது குறைந்ததும் மதிப்புக் குறைந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் கோயில்களின் வயதை ஆயிரம் ஆயிரமாகக் கூட்டிச் சொல்லியே வளர்ந்தவன் அப்படித்தான் நினைப்பான். இங்கே அவர்கள் புதிய ஆண்டையே பலகையில் எழுதிக்கொண்டு, வீட்டை முன்போலவே பார்த்துக்கொண்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டைப் பார்த்தால் எங்களுக்கு அந்நியமாகத் தெரியாது. முன்னால் கல் பாவிய விறாந்தை, அதை நோக்கித் திறக்கும் நெடுங்கதவுகள், வெயில் சுவரைத் தொடாமல் தாழ இறங்கும் கூரை. இங்கிலாந்தில் இப்படி வீடு கட்டுவது வழக்கமில்லை. வெயில் நாடுகளில் இருந்து பழகியவர்கள்தான் இதை இங்கே கொண்டுவந்தார்கள். 'வெரான்டா' என்ற சொல்லே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதையே விறாந்தை என்கிறோம். பின்னேரம் சாய்மனைக் கதிரையைப் போட்டுப் பேப்பர் படித்த இடம்.

இங்கே வந்த புதிதில் நான் குடியிருந்ததும் ஹாரிஸ் பார்க்கில் ஒரு செங்கல் கொட்டேஜில்தான். 1880களிலும் அதற்குப் பின்னும் இந்தப் பக்கத்துக் காணிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ரயில் முன்பே வந்துவிட்டது. 1883 இல் கிளைடில் ஹட்சன் பிரதர்ஸ் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் வந்தது. வேலைக்காரச் சனத்துக்காக எழுந்த சின்னச் சின்ன வீடுகள் இவை. ஒடுங்கிய முன்பக்கம், நாலு அறை, ஒவ்வொன்றிலும் கணப்பு, பின்னால் ஒத்தாப்பாக இறக்கிய சமையலறை. பிற்பாடு அவற்றில் லெபனான்காரர் வந்து குடியேறினார்கள், பிறகு இந்தியர்களும் நாங்களும்.

நாங்கள் ஆறு பெடியங்கள் அந்த வீட்டில் நாலு வருடம் இருந்தோம். வீட்டுக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கணப்பு வாயைப் பழைய பேப்பரால் அடைத்து, அதன் மேல் ஒட்டுப்பலகை அடித்தோம். சுவாமிப் படத்துக்கும் சட்டைக்கும் சுவரெல்லாம் ஆணி அறைந்தோம். ஆணி போன இடத்தில் சுண்ணாம்புச் சாந்து மாவாகக் கொட்டியது. ஏஜண்ட் வீடு பார்க்க வரும் நாளுக்கு முதல் நாள் அந்தத் துளைகளுக்குள் பற்பசையை அப்பி வழித்தோம். அந்தச் சாந்து உதிர்ந்ததைப் பார்த்து, "உக்கல் வீடு" என்று சொன்னோம்.

உக்கல் இல்லை. சுண்ணாம்புச் சாந்து அப்படித்தான் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் எங்கள் ஊரில் அப்பப்பாவின் வீடு முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, நீரைக் குடிக்கும். நிலத்திலிருந்து ஈரம் மேலேறும், வெயில் வந்ததும் சுண்ணாம்புப் பொருத்துகளின் வழியாக வெளியேறிவிடும். கல் மூச்சுவிட, சாந்து விட்டுக்கொடுக்கும். உப்புப் பூத்தாலும் சாந்திலேயே பூத்து உதிரும். பல வருடத்துக்கொருமுறை சாந்தை மட்டும் புதுப்பித்தால் போதும், கல் நூறு வருடம் நிற்கும். அந்தப் பொருத்துகளில் சீமெந்தைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பு உள்ளே திரண்டு, கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பிய்த்துவிடும். கல் கரைந்து உள்ளே போக, சீமெந்துக் கோடுகள் மட்டும் வலைபோல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பரமட்டா, கிரான்வில் பக்கத் தெருக்களில் இப்படி நிற்கும் சுவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அவற்றில் சில எங்கள் கைவேலை. பின்னாளில் எங்களில் பலர் பழைய செங்கல் வீடுகளை வாங்கினோம். வாங்கியதும் முதல் வேலை சுவருக்குச் சீமெந்து, பிறகு அதன்மேல் பெயின்ட், விறாந்தையின் பலகையைக் கழற்றிவிட்டுக் கொங்கிரீட். கொங்கிரீட் போட்டதும் விறாந்தைக்குக் கீழே இருந்த ஈரம் வீட்டுச் சுவருக்குள் ஏறியது. வீடு மணக்கத் தொடங்கியது. "பழைய வீடு எண்டால் உப்பிடித்தான் அண்ணை, இடிக்கிறதுதான் வழி" என்று ஒருவருக்கொருவர் சொன்னோம். சுண்ணாம்பை நீற்றத் தெரிந்த மேசன்மாரின் பேரப் பிள்ளைகள் நாங்கள்.

சுண்ணாம்பைப் பற்றி இன்னொன்றையும் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். தொடக்ககாலச் சிட்னியில் சுண்ணாம்புக் கல் கிடைக்கவில்லை. சிப்பியைச் சுட்டுத்தான் நீற்றினார்கள். கடற்கரையோரமும் ஆற்றோரமும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து உண்டு போட்ட சிப்பிகள் மேடு மேடாகக் கிடந்தன. அந்த மேடுகளை வெட்டி அள்ளிச் சூளையில் போட்டார்கள். ஒரு சனத்தின் அடுப்படியை அள்ளி இன்னொரு சனம் சுவர் எழுப்பியது.

ரூஸின் சோதனை தொடங்கிய அதே 1789 இன் ஏப்ரலில் சிட்னிப் பகுதியில் அம்மை நோய் பரவி, பூர்வகுடிகள் பெருந்தொகையாகச் செத்தார்கள். ஹாரிஸ் பார்க்கையும் சேர்த்த பரமட்டா நிலம் டாருக் மக்களில் பரமட்டகல் குலத்தாருடையது. விலாங்கு மீன் கூடும் இடம் என்பது ஊர்ப் பெயரின் பொருள் என்பார்கள். அவர்கள் எழுதிய உறுதி எதுவும் இல்லை. எட்டு வருடம் கழித்து, 1797 மார்ச்சில், குடியேற்றத்தை எதிர்த்து நின்ற பூர்வகுடித் தலைவர் பெமுல்வுய் தன் ஆட்களோடு பரமட்டாவுக்குள்ளேயே வந்து படையினரோடு மோதிக் காயப்பட்டார். ஊரைப் பறிகொடுத்தவர்களின் கதையை எங்கே கேட்டாலும் கண்கலங்கும் நாங்கள், இந்தக் கதையைக் கேட்க மேஸ் ஹில் முருகன் கோயிலிலிருந்து பத்து நிமிடம் காரில் வந்தால் போதும். தேர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் வந்த சனம் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்கவில்லை.

என் பங்கை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்வது சரியில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் வீடு குடிபூரலில், இன்னொருவர் தான் வாங்கப் போகும் காணியைப் பற்றிக் கதைத்தார். மூலைக் காணி, நல்ல அகலம், அதில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு செங்கல் கொட்டேஜ். அந்தத் தெருவையே பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் யோசனை இருக்கிறது, கருத்துச் சொல்லலாம் என்று கடிதம் வந்திருந்ததாம். "ஹெரிட்டேஜ் லிஸ்ட்டில போட்டாங்கள் எண்டால் காணி விலை விழுந்திடும். டூப்ளெக்ஸ் கட்டேலாது. நீர்தான் இங்கிலீசு நல்லா எழுதுவீர், ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு எந்தச் சரித்திர முக்கியத்துவமும் இல்லை என்று எழுதினேன். அந்த வீட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்தக் கடிதத்தின் கீழ் எட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தத் தெரு பட்டியலில் ஏறவில்லை. எங்கள் கடிதத்தால்தானா என்று சொல்ல முடியாது. வீடு ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது. இப்போது அங்கே இரண்டு சாம்பல் நிற வீடுகள் நிற்கின்றன, நல்ல வசதியான வீடுகள்தான். பிள்ளைகள் வளர இடம் வேண்டும், ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒரு கீழ் அறை வேண்டும் என்பதை நான் மறுக்க மாட்டேன். எல்லாப் பழைய வீட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. ஆனால் பார்க்காமலே 'முக்கியம் இல்லை' என்று எழுதிய கை என்னுடையது.

விக்றம் வீதிச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பல கடைகள் பழைய கொட்டேஜ்களுக்குள்தான் நடக்கின்றன. நடுச் சுவரை உடைத்திருக்கிறார்கள், முற்றத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் முகப்பும் கூரையும் நிற்கின்றன, உள்ளே அடுப்பு எரிகிறது, சனம் இருந்து சாப்பிடுகிறது. குடியிருக்க வாங்கிய எங்களைவிட வியாபாரம் செய்ய வந்தவர்கள் அந்த வீடுகளைக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள்.

2021 இல் பரமட்டா பிலிப் வீதியில் வில்லோ குரோவ் என்ற வீட்டைக் கழற்றினார்கள். 1880களில் எழுந்த இரண்டு மாடி வீடு, இடையில் மகப்பேற்று மருத்துவமனையாக இருந்தது. புதிய அருங்காட்சியகத்துக்காக அந்த இடம் வேண்டும் என்றார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கம் அதில் கை வைக்க மாட்டோம் என்று தடை அறிவித்தது. ஊர்ச் சனம் வேலியோரம் நின்றது. பெருந்தொற்று ஊரடங்கின் நடுவே கல்லையும் இரும்பையும் கழற்றி, வேறோர் இடத்தில் மீண்டும் கட்டுவதாகச் சொல்லிக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் அதைப் பற்றி ஒரு வரி ஓடவில்லை. அந்த வீட்டைக் காக்கக் கேட்ட மனுவில் நான் கையெழுத்து வைக்கவில்லை, எனக்குத் தெரிந்த ஒருவரும் வைக்கவில்லை. அதே வருடம் ஜூன் முதலாம் திகதி, யாழ் நூலகம் எரிந்து நாற்பது வருடம் என்று எல்லோரும் படம் போட்டோம். அந்தப் படத்தைப் போட்டது சரிதான், வருடா வருடம் போட வேண்டும். ஒரு கட்டடம் போனால் ஒரு ஊருக்கு என்ன போகிறது என்பதை அந்த நெருப்பு எங்களுக்குக் காட்டியிருந்தது. காட்டியும், பக்கத்துத் தெருவில் கல் கல்லாகக் கழன்றபோது அது வெள்ளைக்காரன்ர பிரச்சினை என்று இருந்தோம்.

ஊரிலும் நாங்கள் வேறு விதமாக இல்லை. அம்மப்பாவின் கைதடி வீட்டின் நடுமுற்றத்தில் இப்போது அரசமரம் முளைத்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லை என்று பூட்டி வைத்து, பூட்டுத் துருப்பிடித்ததும் விலை பேசுகிறோம். வாங்குகிறவர் அதை இடிப்பார் என்பது தெரிந்தே பேசுகிறோம். இரண்டு நாட்டிலும் நாங்கள் உறுதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டோம்.

மகளின் பாடத்துக்காகத்தான் கடைசியில் ரூஸ் வீதி வீட்டுக்குள் போனேன். மகள் தன் கொப்பியில் கதவின் மேலிருந்த விசிறி போன்ற கண்ணாடியை வரைந்துகொண்டிருந்தாள். சுற்றிக் காட்டிய அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், சம்பளம் வாங்காமல் வருகிறவர். கடைசியாக விறாந்தையில் நின்று, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இந்தச் சந்திக்கு அந்தப் பக்கத்தில் நாலு வருடம் குடியிருந்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ முந்தி வந்திருப்பீர்கள்" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, உங்கள் மொழியில் இந்த இடத்தை எப்படிச் சொல்வீர்கள் என்று மகளிடம் கேட்டார். மகள் "விறாந்தை" என்றாள். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

எலிசபெத் ஃபார்முக்கும் போய்ப் பாருங்கள், நடக்கிற தூரம்தான் என்றார். 1793 இல் தொடங்கிய வீடு அது. 1904 இல் அதைப் பாழாய்க் கிடந்த நிலையில் வாங்கிய ஸ்வோன் குடும்பம் இடிக்காமல் அதற்குள்ளேயே குடியிருந்து, 1968 வரை அதைக் காப்பாற்றியிருக்கிறது. வசதியான குடும்பமில்லை, பிள்ளைகள் நிறைந்த வீடு. ஹம்பிள்டன் கொட்டேஜையும் சொன்னார், 1824 இல் கட்டியது. அங்கேயும் சம்பளமில்லாத கைகள்தான் கதவு திறந்துவிடுகின்றன என்றார். தங்களில் பலருக்கு வயதாகிவிட்டது என்றும், இந்தப் பக்கத்துச் சனத்திலிருந்து யாராவது வந்தால் நல்லது என்றும் சொல்லி ஒரு படிவத்தைத் தந்தார்.

அந்தப் படிவம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று வாரமாகக் காந்தத்தில் தொங்குகிறது. பெயர், விலாசம், தெரிந்த மொழிகள் எல்லாம் எழுதிவிட்டேன். எந்த நாளில் வர முடியும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு கோயில். அந்தக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.